கைவிளக்கும் ஏரி நீரும்

இரவில் மடை திறக்கச் செல்லும் விவசாயிக்கும், தொழுவத்தில் ஈனும் பசுவைப் பார்க்கச் செல்லும் தாய்க்கும் டார்ச் விளக்கு உற்ற துணையாகும். அதனுள் இருக்கும் பாட்டரிக் கட்டை தீர்ந்தபின் எங்கே போகிறதென்று நாம் எண்ணுவதில்லை. பூந்தமல்லி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் குப்பை தரம் பிரிக்கும் இடத்தைப் பார்வையிட்டபோது, மட்கும் குப்பையின் நடுவே ஒழுகிய கட்டைகள் பல கிடக்கக் கண்டோம். "இதை எந்தத் தொட்டியில் சேர்ப்பது, ஐயா?" என்று தூய்மைக் காவலரான அம்மையார் ஒருவர் வினவினார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

சாதாரணக் கட்டையின் உட்கூடு துத்தநாகத் தகடு, நடுவே கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கரும்பசை. மின்சாரம் உண்டாக உண்டாகத் துத்தநாகம் கரைகிறது. நாளடைவில் கூடு பொத்தலாகி ஒழுகுவது இதனால்தான். குப்பை மேட்டில் மழை பெய்தால் அவ்வுலோக உப்புகள் நீரோடு மண்ணில் இறங்கும். சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி நமது வட்டாரத்தை ஒட்டியே இருக்கிறது. நமது கிணறுகளும் இம்மண்ணில்தான் ஊறுகின்றன.

மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டையில் இரசாயன மாறுதல் பின்னோக்கித் திரும்புகிறது. ஒரே கட்டையைச் சில நூறு முறை ஏற்றிப் பயன்படுத்தலாம். இரண்டு கட்டை போடும் விளக்குக்கு மாதம் ஒருமுறை புதிது வாங்குவோர் நான்கு ஆண்டுகளில் 96 கட்டைகளைக் குப்பையாக்குகின்றனர். ஏற்றிப் பயன்படுத்துவோருக்கு இரண்டே போதும். மின்செலவும் அற்பமே, ஒரு யூனிட்டில் சிறு கட்டைகள் நூற்றுக்குமேல் ஏற்றலாம்.

எனினும் இதைச் செய்ய நிக்கல் முதலிய உலோகங்கள் வேண்டும். வாங்கி இரண்டு தடவை ஏற்றிவிட்டுப் பரணில் போட்டால் நன்மையைவிடக் கேடே மிகுதி. ஒரு கட்டையில் ஓராண்டு ஓடும் சுவர்க் கடிகாரத்துக்குப் பழைய வகையே போதும். விளக்குக்கும் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கும் புதிய வகையை வாங்குக. நிக்கல் காட்மியம் வகையைத் தவிர்க்க. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பாட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்த கட்டைகளைத் திரட்டி மறுசுழற்சி செய்விப்பது தயாரிப்பாளரின் கடமை. பிற குப்பையோடு கலவாமல் ஒப்படைப்பது நமது கடமை. ஆகவே அவ்வம்மையாரிடம் மறுமுறை சென்றபோது நாம் கூறியது: எந்தத் தொட்டியும் வேண்டாம், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஈரம் படாமல் தனியே சேர்த்து வையுங்கள். கைப்பேசியின் தட்டையான லித்தியம் பாட்டரி வந்தால் குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பற்றும்; அதன் முனைகளில் ஒட்டுநாடா சுற்றி வேறு டப்பாவில் வையுங்கள்.