ஃபிளின்ட் நகரமும் ஈயக் குழாய்களும்: தரவு அறிவியல் பற்றிய சில நம்பிக்கைகள்

தரவு அறிவியல் வந்துவிட்டால் நகரத்தின் நோய்களையும் குறைகளையும் கணினியே கண்டுபிடித்துத் தீர்த்துவிடும் என்ற எண்ணம் வேரூன்றி வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரத்துக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள். தரவு அறிவியலால் பயனில்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.

செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிவந்த குடிநீரை நிறுத்திவிட்டு, 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளை அதில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்த ஆண்டு அக்டோபரிலேயே அந்த நீரைக் கைவிட்டது. மக்களோ இன்னும் ஓராண்டு அதையே குடித்தார்கள்.

நம்பிக்கை: எண்கள் பொய் சொல்லாது.

எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறதா என்பதை அஞ்சல் குறியீட்டு வாரியாகப் பார்த்தபோது, ஊருக்கு வெளியே வேறு நீர் குடித்த வீடுகளும் ஃபிளின்ட் கணக்கில் சேர்ந்துவிட்டன. நகரத்துக்குள் நடந்த பாதிப்பு அதனால் நீர்த்துப்போனது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா மருத்துவமனைப் பதிவுகளை எடுத்தார். புவியியல் ஆய்வாளர் ரிச்சர்ட் சாட்லர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் வரைபடத்தில் சரியான இடத்தில் குறித்தார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்களின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. நீரில் ஈயம் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் 4 சதவீதம் 10.6 ஆகியிருந்தது. முதலில் மறுத்த மாநில அதிகாரிகள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

நம்பிக்கை: தரவு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு துல்லியம்.

கூகுளை விட அதிகத் தரவு வைத்திருப்பவர் யார்? தேடல் சொற்களைக் கொண்டு ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008-இல் அந்நிறுவனம் தொடங்கிய திட்டம், 2012-13 குளிர்காலத்தில் உண்மை நிலவரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சொன்னது. காய்ச்சலைப் பற்றித் தேடுகிற எல்லோருக்கும் காய்ச்சல் இருப்பதில்லை. செய்தி பார்த்துப் பயந்தவர்களும் தேடுவார்கள். 2015-இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

நம்பிக்கை: கணிப்பு சரியாக இருந்தால் வேலை முடிந்தது.

மீண்டும் ஃபிளின்டுக்கு வருவோம். ஈயக் குழாய்களைத் தோண்டி மாற்ற வேண்டும். ஆனால் எந்த வீட்டு இணைப்பில் ஈயம் இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நகராட்சியிடம் இருந்தவை பழைய வரைபடங்களும், கையால் எழுதிய பல்லாயிரம் அட்டைகளும்தான். அவற்றிலும் பிழைகள் மலிந்திருந்தன. பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜேக்கப் அபர்நெத்தியும் எரிக் ஷ்வார்ட்ஸும் அந்தப் பதிவுகளோடு வீட்டின் வயது, மதிப்பு, இருப்பிடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்கள். ஒவ்வொரு குழியிலும் கிடைத்த விடையைக் கொண்டு கணிப்பைத் திருத்திக்கொண்டே போனார்கள். 2017-இல் தோண்டிய வீடுகளில் சுமார் 70 சதவீதத்தில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது.

2018-இல் பணி வேறு ஒப்பந்ததாரரிடம் போனது. கணிப்பு ஓரங்கட்டப்பட்டது. அந்த ஆண்டு பத்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகளில் தோண்டியும் ஈயக் குழாய் கிடைத்தது சுமார் 15 சதவீதத்தில் மட்டுமே. பக்கத்து வீட்டில் தோண்டிவிட்டு எங்கள் வீட்டை ஏன் விட்டீர்கள் என்று மக்கள் கேட்டதும் கணிப்பைக் கைவிட்டதற்கு ஒரு காரணம்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். நீர் பாதுகாப்பானது என்று ஒன்றரை ஆண்டு அதிகாரிகள் சொன்னதைக் கேட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். “உங்கள் வீட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு குறைவு” என்று ஒரு கணினி சொன்னால் அவர்களில் ஒரு தாய் எப்படி நம்புவாள்? அவள் நம்பிக்கையை உடைத்தது கணினி அல்ல, நிர்வாகம். அதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் நிர்வாகத்துக்கே. கணிப்பைக் கைவிட்டது அந்தப் பொறுப்பிலிருந்து நழுவியதாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள், குழாயில் உண்மையிலேயே ஈயம் இருந்தும் காத்துக்கிடந்த குடும்பங்கள். 2019-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகே கணிப்பு முறை திரும்பி வந்தது.

உங்கள் ஊரில் டெங்கு, குடிநீர், காற்று மாசு பற்றி யாராவது சதவீதம் சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது வார்டு வாரியாகவா, பின்கோடு வாரியாகவா எடுத்த கணக்கு? இந்தக் கணக்கில் எங்கள் தெரு இருக்கிறதா?