உள்ளங்கைத் தினவும் ஓர் அன்னையின் தொண்டும்

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வலப்புற விலாவெலும்புகளின் கீழே மறைந்திருந்து, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன், அஃது இரவும் பகலும் ஓயாது உழைக்கின்றது. அது புரியும் பணிகள் பலவற்றுள் ஒன்று பித்தநீரைச் சுரத்தலாகும். உண்ட உணவிலுள்ள கொழுப்புச் செரிப்பதற்குப் பித்தநீரிலுள்ள அமிலங்கள் இன்றியமையாதவை. பித்தம் என்னும் சொல், வாதத்தோடும் சிலேத்துமத்தோடும் சேர்த்து எண்ணப்படும் முக்குற்றங்களுள் ஒன்றையும் குறிக்கும். 'பித்தம் தலைக்கேறியது' என உலக வழக்கில் கூறுவதோ மனமயக்கத்தைக் குறிக்கும். ஈண்டுப் பேசப்படுவது அவ்விரண்டும் அன்று. பசுமஞ்சள் நிறத்ததாய், மெல்லிய குழாய்களின் வழியே குடலுக்கு இறங்கும் நீர்மமே இங்குக் கருதப்படுவது.

கருவுற்ற மகளிர் சிலரிடத்து, பெரும்பாலும் ஏழாம் திங்களுக்குப் பின்னர், இந்நீரின் ஓட்டம் தளர்கின்றது. அக்காலத்தே மிகும் உடற்சுரப்புகளும், பிறவியிலேயே அமைந்த மரபியல்பும் அதற்குக் காரணங்களாம். குடலுக்குச் செல்ல வேண்டிய பித்த அமிலங்கள் குருதியில் மிகுகின்றன. இதனைக் கருக்காலப் பித்தத்தேக்கம் என்று கூறலாம். இந்நோய் தன் வரவை அறிவிக்கும் முறை விந்தையானது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தோலில் தடிப்பும் கொப்புளமும் இல்லை. உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் மட்டும் அரிக்கின்றன. இரவு வந்ததும் அவ்வரிப்புப் பெருகி, மேனி எங்கும் பரவி, உறக்கத்தைக் கெடுக்கின்றது. சொறிந்து சொறிந்து தோல் புண்பட்ட பின்னும் அது தணிவதில்லை. தினவு என்னும் சொல்லைப் போர்வீரன் தோளோடு இணைத்துப் பெருமையாக வழங்குவது தமிழர் மரபு. இத்தாய்மார் படும் தினவிலோ பெருமை ஏதுமில்லை.

கருவுற்ற பெண்ணுக்கு வயிறு அரிப்பது பொதுவாக நிகழ்வதே. தோல் விரிவதனால் அவ்வாறு நேர்கின்றது. 'குழந்தைக்கு முடி முளைக்கின்றது' என்று கூறித் தேற்றும் பாட்டிமாரும் நம்மிடையே உண்டு. அன்பினாற் கூறும் சொல்தான். ஆயினும் எல்லா அரிப்பையும் அவ்வொரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் தகாது. நெடுங்காலம் மருத்துவரும் இதனை ஒரு தொல்லை என்றே எண்ணினர். நோய் என்று எண்ணினாரல்லர். மகப்பேற்றுக்குப் பின் அரிப்புத் தானே அடங்கிவிடும். தாயின் உயிருக்கும் ஊறு நேர்வதில்லை. ஆதலின் அதனைப் பொருட்படுத்தாது விடுத்தனர். ஆனால், மிகுந்த பித்த அமிலம் தாயின் குருதியோடு நின்றுவிடாது. நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் சென்றடைகின்றது. குழந்தையின் சிற்றிதயம் துடிக்கும் ஒழுங்கை அது குலைக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். குறைமாதப் பிறப்பு நேர்தலும், மிக அரிதாகக் குழந்தை கருவிலேயே இறந்துபடுதலும் உண்டு.

1950களில் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் இந்நோயின் இயல்பை விரித்தெழுதினர். பின்னர்த் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் இது மிகுதியாகக் காணப்பட்டது. இங்கிலாந்தில் ஆயிரம் கருப்பேறுகளுள் ஏறத்தாழ ஏழில் இது தோன்றுகின்றது. அந்நாட்டில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழியினரிடத்தோ ஆயிரத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை தோன்றுகின்றது. எனவே, எங்கோ தொலைவிலுள்ள மக்களின் பிணி என்று நம்மவர் இதனைக் கருதிவிடுவதற்கில்லை.

அவ்விங்கிலாந்தைச் சேர்ந்தவர் ஜென்னி சேம்பர்ஸ் என்னும் பெண்மணி. இந்நோயினால் இரு குழந்தைகளைக் கருவிலேயே இழந்தவர் அவர். தொட்டில் ஆயத்தமாக இருக்க, அதில் இடுவதற்கு மகவு இல்லாத வீட்டின் அமைதி எத்தகையது என்பதைச் சொற்களாற் காட்டுதல் அரிது. அத்துயரம் ஒருவரை முடக்கிவிடுதலும் இயல்பே. முடங்கியவரைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. அவர் முடங்கவில்லை. தம்மைப் போல் அரிப்பினால் அல்லலுறும் தாய்மார்க்கு வழிகாட்ட முற்பட்டார். ஒருவர் தொடங்கிய அத்தொண்டு, நாளடைவில் 'ஐ.சி.பி. சப்போர்ட்' என்னும் அறநிலையமாக வளர்ந்தது.

இத்தகைய தொண்டர் செய்வது என்ன? அவர்கள் மருந்து தருவதில்லை. மருத்துவரின் இடத்தில் தாம் அமர்வதுமில்லை. துயருற்ற தாய் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கின்றனர். அரிப்பு எங்கே தொடங்கியது, எப்பொழுது மிகுகின்றது, சிறுநீரின் நிறம் கருத்துள்ளதா என வினவுகின்றனர். குருதியிற் பித்த அமிலத்தின் அளவைக் காண ஓர் ஆய்வு உண்டு, அதனைச் செய்யுமாறு மருத்துவமனையில் கேளுங்கள் என்று அறிவுறுத்துகின்றனர். 'வெறும் அரிப்புத்தானே' என்னும் மறுமொழியைக் கேட்டு நாணித் திரும்பிய பெண்ணுக்கு, மீண்டும் சென்று கேட்கும் துணிவை ஊட்டுகின்றனர். நள்ளிரவில் உறக்கமின்றித் தனித்திருப்பவளுக்கு, இத்துன்பத்திற்கு ஒரு பெயர் உண்டு என அறிவதே பாதி ஆறுதலாகும்.

அச்சத்தை மூட்டுதல் எளிது. அளவறிந்து அஞ்சக் கற்பித்தலே அரிது. அதற்கு ஆராய்ச்சி துணைநின்றது. சுவீடனில் 45,485 கருப்பேறுகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, பித்த அமிலம் ஒரு லிட்டருக்கு 40 மைக்ரோமோல் என்னும் அளவை எட்டிய பின்னரே குழந்தைக்கு இடர் மிகுகின்றது எனக் காட்டியது. 2019ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட கட்டுரை இன்னும் தெளிவானது. நாற்பதுக்குக் குறைவான அளவினருள் 2,310 பேருக்கு மூன்று குழந்தைகளே கருவில் இறந்தன. நாற்பது முதல் தொண்ணூற்றொன்பது வரையினருள் 1,412 பேருக்கு நான்கு. நூறும் அதற்கு மேலுமானவருள் 524 பேருக்குப் பதினெட்டு! நோய் ஒன்றே, இடரோ ஒன்றன்று. பெரும்பாலான தாய்மார் ஆறுதல் கொள்வதற்கும், சிலர் மட்டும் மிக விழிப்பாக இருப்பதற்கும் இவ்வெண்களே அடிப்படை.

அதே 2019ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வின் முடிவும் வெளிவந்தது. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மருந்து குழந்தைக்கு நலம் தரும் என்று பலர் நம்பியிருந்தனர். இங்கிலாந்திலும் வேல்சிலுமுள்ள 33 மருத்துவமனைகளில் 605 தாய்மார் அச்சோதனையில் ஈடுபட்டனர். ஒரு சாரார்க்கு மருந்தும் மற்றொரு சாரார்க்கு மருந்துபோன்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மருந்தினால் குழந்தைகளின் இடர் குறையவில்லை. தாயின் அரிப்பும் மிகச் சிறிதே தணிந்தது. நம்பியிருந்தோர்க்கு இது வருத்தமளித்த முடிவே. எனினும் அறிஞர்கள் அதனை மறைக்காது உள்ளவாறே எழுதினர். அவ்வறிஞர் வரிசையில், மருத்துவப் பேராசிரியர்களோடு ஒருவராக, ஜென்னி சேம்பர்ஸ் அவர்களின் பெயரும் அச்சாகியுள்ளது.

2022ஆம் ஆண்டில் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி புதுப்பித்த நெறிமுறை, பித்த அமிலத்தின் அளவுக்கேற்ப மகப்பேற்றின் காலத்தை வகுத்தது. சிறிது மிகுந்தோர் நாற்பதாம் வாரம் வரை காத்திருக்கலாம்; நூறு அல்லது அதற்கு மேல் உள்ளோர்க்கு 35 அல்லது 36 வாரங்களிலேயே குழந்தையைப் பிறப்பித்தலை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை.

குழந்தை பிறந்த சில நாட்களிலேயே அரிப்பு அடங்கத் தொடங்குகின்றது. தாயும் அதனை மறக்கத் தொடங்குவாள். தொண்டர்கள் அப்பொழுதும் அவளுக்கு ஒன்றை நினைவூட்டுகின்றனர்: அடுத்த முறை கருவுறுங்கால் இந்நோய் திரும்பி வருதல் பெரும்பான்மை; உடன்பிறந்தாளுக்கும், வளர்ந்தபின் மகளுக்கும் வரக்கூடும்; அவர்களிடம் சொல்லி வையுங்கள். அவ்வாறு சொல்லத் தொடங்கிய தாய்மாருள் சிலர் தாமும் அத்தொண்டர்களோடு சேர்ந்துகொள்கின்றனர்.