ஸ்பிரிங் மடக்குக் கத்தி: வாங்குவதற்கும் பராமரிப்பதற்கும் சில குறிப்புகள்

தோட்டத்தில் உரமூட்டையின் தையலை அறுக்க, லாரியில் நைலான் கயிற்றை வெட்ட, பழக்கடையில் பெட்டியைப் பிரிக்க, மடக்குக் கத்தி ஒன்று பையில் இருந்தால் பெரிய உதவி. ஒரு கை மூட்டையைப் பிடித்திருக்கும்போது மறு கையாலேயே திறந்துவிடலாம் என்பதால், பாதி தள்ளினால் மீதியை ஸ்பிரிங்கே திறக்கும் கத்தியைப் பலரும் இப்போது விரும்பி வாங்குகிறார்கள். மலாக்காவின் அலோர் காஜாவிலோ ஜாசினிலோ மெர்லிமாவிலோ இருந்துகொண்டு இதை வாங்குகிறவர்கள் கூர்மையைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பிரிங்கையும் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

1. ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிடிக்குள் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று வளைந்து கிடக்கும். சில வகைகளில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். பிளேடிலேயே உள்ள சிறு குமிழையோ, பிடியின் முதுகுப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடின் நாக்கையோ விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முதலில் எதிர்க்கும். கொஞ்சம் தாண்டியதும் இழுப்பு திசை மாறும். பிளேடு விரலை விட்டுப் பாய்ந்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். எதிர்ப்பே இல்லாமல், தொட்ட மாத்திரத்தில் திறக்கும் கத்தியை வாங்காதீர்கள். அது பைக்குள்ளேயும் அப்படித்தான் திறக்கும்.

2. பிடியில் பொத்தான் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியதும் முழுக்கத் தானாகத் திறக்கும் கத்தி வேறு ஜாதி. மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் அதை அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. விற்பது மட்டுமல்ல, வாடகைக்கு விடுவதும் இரவல் கொடுப்பதும்கூடக் குற்றம். இணையக் கடையில் படம் ஒன்றாகவும் வரும் பொருள் வேறாகவும் இருக்கலாம். பொத்தான் எங்கே இருக்கிறது, விரல் எதைத் தள்ளுகிறது என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

3. ‘பொத்தான் இல்லை, ஆகவே பயமில்லை’ என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொது இடத்தில் தக்க காரணமின்றி அபாயகர ஆயுதம் வைத்திருப்பவருக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்க வகைசெய்கிறது. இப்படி மாட்டிக்கொண்ட பையனின் வாழ்க்கை என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகும்போது மற்றக் கருவிகளோடு கருவிப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். வேலை முடிந்து சாப்பாட்டுக் கடைக்கோ ஜொங்கர் வாக் இரவுச் சந்தைக்கோ கிளம்பும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் ‘இருக்கட்டுமே’ என்று போட்டு வைப்பதுதான் வம்பு. ரோட்டுத் தடுப்பில் போலீஸ் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

4. சன்னாசிமலைக் கோயிலின் மாசி மகக் கூட்டத்துக்கும் இந்தக் கத்தி வேண்டாம். எலுமிச்சம்பழம் நறுக்கவும் மாலைக் கயிறு அறுக்கவும் சாதாரணக் காய்கறிக் கத்தியை உறையோடு தட்டில் வைத்துப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

5. எல்லை தாண்டுகிறவர்கள் கவனிக்கவும். 1990களில் அமெரிக்காவில் பிளாக்கி காலின்ஸ், கென் ஆனியன் போன்ற வடிவமைப்பாளர்கள் வழியாகப் பரவிய வகை இது. அமெரிக்காவின் மத்திய சட்டம் 2009இல் இதைப் பொத்தான் கத்தியிலிருந்து பிரித்து விலக்கு அளித்தது. பிரிட்டனோ 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதையும் தடைக்குள் கொண்டுவந்தது. ஒரே கத்தி ஓர் ஊரில் கருவி, இன்னோர் ஊரில் குற்றம். மலாக்கா சென்ட்ரலில் சிங்கப்பூர் பஸ் ஏறுமுன் பையை ஒரு தடவை துழாவிப் பாருங்கள். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது.

6. மூடும்போது அவசரம் வேண்டாம். திறந்த பிளேடைத் தாங்கி நிற்கும் பூட்டுத் தகட்டைப் பெருவிரலால் ஒதுக்கி, மற்றக் கையின் உள்ளங்கையைப் பிளேடின் முதுகில் வைத்து மடக்குங்கள். ஸ்பிரிங் முதலில் எதிர்த்துத் தள்ளும். கடைசியில் திடீரென்று விட்டுக்கொடுத்து உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் பெருவிரல் பிளேடின் பாதையில் இருக்கக் கூடாது. தொடையில் அழுத்தி மூடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

7. டுரியானைப் பிளக்க இதை எடுக்காதீர்கள். முள் தோலில் முனையைச் செருகித் திருகினால் முழுப் பாரமும் அந்தச் சின்னப் பூட்டுத் தகட்டின் மேல் விழும். அது நழுவினால் பிளேடு விரல்மேல் மடங்கும். டுரியானுக்கும் தேங்காய்க்கும் பாராங் கத்திதான். பாரமான வேலைக்கு மூட்டில்லாத கத்தியே வேண்டும்.

8. பலாப்பால், ரப்பர் பால் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பிளேடைத் துடையுங்கள், கரைந்து வந்துவிடும். அந்த எண்ணெய் மூட்டுக்குள் போகக் கூடாது. நாளானால் சிக்குப் பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங்கின் வேகம் குறைந்துவிடும்.

9. மாங்காய், அன்னாசி, எலுமிச்சை நறுக்கியதும் உடனே கழுவித் துடைத்துக் காய வையுங்கள். புளிப்பும் நம் ஊர் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்தால் துரு சீக்கிரம் ஏறும். மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதற்கு மேல் விட்டால் தூசிதான் ஒட்டும். பூட்டுத் தகடு பிளேடைத் தாங்கும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது, பூட்டு வழுக்கும்.

10. பாதியில் நின்றுவிட்டால் ஸ்பிரிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பையின் பஞ்சும் மணலும்தான் காரணம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷால் மூட்டைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பாருங்கள். அப்புறமும் நின்றால் மூட்டுத் திருகாணி இறுகியிருக்கலாம். நட்சத்திர முனைத் திருப்புளியால் துளியளவு தளர்த்துங்கள். பிளேடு பக்கவாட்டில் ஆடினால் தளர்த்தியது அதிகம்.

11. பிடியைப் பிரித்துக் கம்பியை வெளியே எடுக்க வேண்டாம். இழுவிசையில் இருப்பது தெறித்துக் கண்ணில் படலாம். உள்ளே கம்பி ஒடிந்துபோனாலும் கத்தியைத் தூக்கிப் போடத் தேவையில்லை. பூட்டு நன்றாக இருந்தால் சாதாரண மடக்குக் கத்தியாகக் கையால் திறந்து பயன்படுத்தலாம்.

12. தீட்டும்போது பிளேடு முழுக்கத் திறந்து பூட்டியிருக்க வேண்டும். கல்லில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 பாகைச் சாய்வு போதும்.

13. திறப்பைத் தடுக்கும் சிறு தாழ் உள்ள வகையாக இருந்தால், பையில் போடும் ஒவ்வொரு முறையும் தாழைப் போடுங்கள். சாவிக்கொத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

14. திறக்கும் வேகமும் அந்தச் சத்தமும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தெரியும். அவர்கள் முன்னால் சும்மா திறந்து மூடிக் காட்டாதீர்கள். வளர்ந்த பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகவும் கொடுக்க வேண்டாம். வீட்டில் இந்தக் கத்தி இருந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும்.