வேரைப் பிடுங்காமல் வேரை அளப்போம்



நாற்று வளர்த்து விற்கும் குழுக்களுக்காக இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம். கன்று தளதளவென்று நிற்கிறது, இலையைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பைக்குள்ளே வேர் எப்படி இருக்கிறது? பிடுங்கிப் பார்த்தால் தெரியும், ஆனால் பிடுங்கிய கன்று போச்சு. நூறு கன்றில் பத்தைப் பிடுங்கினால் லாபமே அதில்தானே போகும்!

நம்ம ஊர் முருங்கையையே எடுத்துக்கொள்வோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம். 1, 2000-ல் வெளியிட்ட பி.கே.எம். 2 இரண்டும் விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை. பையில் விதை ஊன்றினால் சுமார் 30 நாளில் கன்றை நட்டுவிட வேண்டும். ஏன் இந்தக் கெடு? முருங்கைக்கு ஆணிவேர் வேகமாக இறங்கும். பையின் அடியைத் தொட்டதும் போக இடமில்லாமல் வளைந்து சுற்ற ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்கினவர் நட்ட பிறகும் அந்தச் சுற்று தானாக நேராகாது. ஆறேழு மாதத்தில் காய்ப் பாரம் ஏறி, ஆடிக் காற்றும் அடிக்கும்போது பிடிமானம் இல்லாத மரம் சாயும். அப்புறம் நம் குழுவிடம் அவர் கன்று வாங்க வருவாரா?

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதை 'சாட்சி பாட்டில்' என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிடுங்கள். அடியில் சூடான ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள். பையில் போட்ட அதே மண் கலவையை, பையில் உள்ள அதே உயரத்துக்கு நிரப்பி, அதே நாளில் ஒரு விதையை ஓரமாக ஊன்றுங்கள். பாட்டிலை நேராக வைக்க வேண்டாம். விதை இருக்கும் பக்கம் கீழே வருகிற மாதிரி லேசாகச் சாய்த்து வையுங்கள். வேர் எப்போதும் நேர் கீழாகப் போகப் பார்க்கும். சாய்த்து வைத்தால் அது பாட்டில் சுவரை ஒட்டியே இறங்கும், நம் கண்ணுக்கும் தெரியும். பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுவது முக்கியம். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், வேரும் சுவரை விட்டு விலகும். ஆயிரம் பைக்குப் பத்துப் பதினைந்து பாட்டில் போதும். மற்ற கன்றுகளைத் தொடவே வேண்டாம்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை துணியை அவிழ்த்து, வேர் நுனி இருக்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே அடிக்குச்சி வைத்துப் பார்த்தால் மூன்று நாள் வளர்ச்சி தெரிந்துவிடும். நுனி அடியைத் தொட்ட தேதியை நோட்டில் தனியாக எழுதி வையுங்கள். வேர் சுற்ற ஆரம்பித்தால், அந்த வாரமே கன்றை விற்றாக வேண்டும். வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

ஆணிவேர் ஒன்று என்பதால் அளப்பது சுலபம். சல்லிவேர் சிக்கலை எப்படி அளப்பது? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1966-ல் நியூமன் என்ற ஆராய்ச்சியாளர் வழி சொன்னார். 1975-ல் டென்னன்ட் என்பவர் அதை எளிதாக்கினார். தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு, பாட்டில் மேல் சுற்றுங்கள். வேர்கள் குறுக்குக் கோட்டையும் நெடுக்குக் கோட்டையும் எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று எண்ணுங்கள். வந்த எண்ணை 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் வேரின் நீளம் சென்டிமீட்டரில் வரும். 28 இடத்தில் வெட்டினால் 22 சென்டிமீட்டர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆர்வமாக எண்ணுவார்கள்.

இது சுவரில் தெரியும் வேர் மட்டும்தான், உள்ளே இருப்பது கணக்கில் வராது. ஆகவே ஒரு பாட்டிலை இன்னொரு பாட்டிலோடு ஒப்பிடத்தான் இந்த எண் உதவும். உதாரணமாக, கலவையில் மண்புழு உரத்துக்குக் காசு போடலாமா என்ற கேள்வி கூட்டத்தில் வந்தால், உரம் சேர்த்தது ஐந்து பாட்டில், சேர்க்காதது ஐந்து பாட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஜோடியை வைத்து முடிவு எடுக்காதீர்கள். விதைக்கு விதை வித்தியாசம் இருக்கும்.

குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறவர்களுக்கு பாட்டில் தேவையில்லை. முந்தின நாள் தண்ணீர் விட்டு, குழியின் அடி ஓட்டையில் மழுங்கிய குச்சியால் மெதுவாக மேலே தள்ளுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். நார்க்கழிவு உதிராமல் வேரோடு கட்டியாக வந்தால் நாற்று தயார், அப்படியே திரும்ப வைத்துவிடலாம். உதிர்ந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

தண்ணீரில் வேர் விட்டிருக்கும் செடிக்கு இன்னொரு வழி இருக்கிறது. வடுகபட்டிச் சந்தைப் பூண்டில் ஒரு பல்லை எடுத்து, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் குச்சியால் நிறுத்துங்கள். சில நாளில் வெள்ளை வேர் விடும். வேறொரு சின்ன டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வேர் மட்டும் முழுகும்படி இறக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் வழியும். செடியை எடுத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். எத்தனை மில்லி பிடித்ததோ, அதுதான் வேரின் பருமன். எடுக்கும்போது வேரில் ஒட்டி வரும் நீரை டம்ளருக்குள்ளேயே உதறிவிட்டால் கணக்கு இன்னும் சரியாக வரும். வாரம் ஒரு தடவை அளந்தாலும் பூண்டுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக, மா ஒட்டுக்கன்று வாங்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பணம் கொடுப்பதற்கு முன் பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால், தூக்கும்போது அது அறுந்துவிடும். அந்தக் கன்று நட்ட பிறகு வாடும். அதை ஒதுக்கிவிட்டு வேறு கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், குழுக் கடனில் வாங்குகிற கன்று அது.