எஸ்.க்யூ.எல். படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கணினிப் பாடத்தில் தரவுத்தளம் வந்ததுமே, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வதைவிட, கடையில் நின்றபடியே பார்க்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். அப்பா கொடுக்கும் காசு வீணாகக் கூடாதில்லையா!

1. பிரிக்கச் சொல்லித் தருகிறதா?
தகவல்களை அட்டவணைகளாக வைத்து இணைக்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்டார். நூலகப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை புத்தகம் எடுக்கும்போதும் மாணவரின் முகவரியையும் எழுதினால், அவர் வீடு மாறியதும் இருபது வரியைத் திருத்தணும். ஒரு வரி விட்டுப்போனால் எது சரியான முகவரி? மாணவர், புத்தகம், வழங்கல் என மூன்று அட்டவணையாகப் பிரித்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். கட்டளை மறந்துபோனா புரட்டிப் பார்த்துக்கலாம். பிரிக்கத் தெரியலைன்னா எல்லாமே குழப்பம்தான். இதை விளக்காமல் கட்டளைகளை மட்டும் அடுக்கும் புத்தகம் வேண்டாம்.

2. எந்தப் பதிப்புக்கு எழுதியது?
பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். அட்டவணை பிரிக்கும் பாடத்துக்கு அது போதும். காட் சொன்னது பழசாகவில்லை. கட்டளைகளுக்கு மட்டும் ஆண்டைப் பாருங்கள். மதிப்பெண் 100-ஐத் தாண்டக் கூடாது என்று 'செக்' விதி எழுதுகிறோம். 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன்பு, மைஎஸ்க்யூஎல் அந்த விதியை ஏற்றுக்கொள்ளும், ஆனால் கண்டுக்காது. 150 போட்டாலும் பதிவாகிவிடும்! அந்தப் பதிப்பிலிருந்துதான் தடுக்கிறது.

3. யோசிக்க வைக்கும் பயிற்சி உண்டா?
"ஒரு புத்தகம்கூட எடுக்காத மாணவர்கள் யார்?" இந்த மாதிரிக் கேள்வி இருக்கிறதா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். சாதாரண 'ஜாயின்' போட்டால் இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்கள்தான் வருவார்கள். எடுக்காதவர் பெயர் வரவே வராது. 'லெஃப்ட் ஜாயின்' போட்டு, வழங்கல் பக்கம் காலியாக உள்ள வரிகளைத் தேடணும். அப்படி ஒரு கேள்வியும் அதற்கு விடையும் இருந்தால் அது நல்ல புத்தகம்.

இன்னொன்று: படித்தால் மட்டும் வராது, போட்டுப் பார்த்தால்தான் வரும். எஸ்க்யூலைட் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். முதலில் நூலகத்தில் எடுத்து ஒரு பாடம் முடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் பிறகு வாங்குங்கள்!