வித்து முதல் விளைவு வரை: கதைக்கோப்பு என்பது யாது?

கதை கேட்டு வளராத மனிதர் இலர். ஆயினும், கேட்ட கதையை மீட்டுச் சொல்லுமாறு ஒரு மாணவனை ஏவினால், 'பிறகு, பிறகு' என்று நிகழ்ச்சிகளை அடுக்கிக்கொண்டே செல்கின்றான். 'அஃது ஏன் நிகழ்ந்தது?' என இடையிலே வினவினாலோ வாயடைத்து நிற்கின்றான். நிகழ்ச்சிகளின் வரிசை கதையாகும். அவற்றைக் காரணமும் காரியமுமாகப் பிணைத்து நிற்பது கதைக்கோப்பாகும். உதிரிப் பூக்களைக் குவித்து வைத்தலுக்கும் நாரிலே தொடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டுக்கும் உண்டு.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போஸ்ற்றர் 1927 ஆம் ஆண்டில் வெளியிட்ட திறனாய்வு நூலில், இவ்வேறுபாட்டினை ஓர் அரசனதும் அரசியினதும் இறப்பைக் கொண்டு விளக்கினார். இருவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர் என்னும் அளவில் அது கதை. அரசியின் உயிரைக் கொண்டது துயரமே என்று காட்டும்பொழுது அது கோப்பு. இதனைப் படிக்கும் தமிழ் மாணவனுக்கு, பாண்டியன் நெடுஞ்செழியனும் கோப்பெருந்தேவியும் நினைவுக்கு வாராது போவரோ? ஆதலின், நாம் கதைக்கோப்பினைக் கற்க வேற்று நாட்டு நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. சிலப்பதிகாரமே போதிய ஆசானாகும்.

அந்நூலுக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதையின் உரையிலே, நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகளாக வகுத்துக் காட்டுகின்றார். அவற்றுக்கு அவர் எடுத்தாளும் உவமை உழவனின் வயலாகும். உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் தன்னுள்ளே கருவைப் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் திரண்டு, முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, சூடடித்து, தூற்றி, வீடு கொணர்ந்து உண்டு மகிழ்வது துய்த்தல்.

கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிக் காலபோகம் விதைக்கும் அடம்பன் மாணவனுக்கு இவ்வுவமையை விரித்துரைக்கவும் வேண்டுமோ? குடலைப் பருவத்துப் பயிரை வரம்பில் நின்று பார்க்கும் உழவன், கண்ணுக்குத் தோன்றாத கதிரை உள்ளே இருப்பதாக அறிவான். இன்று இயந்திரம் ஒரே மூச்சில் அறுத்து, அடித்து, தூற்றியும் விடுகின்றது. ஆயினும் பருவங்களின் ஒழுங்கு மாறிற்றில்லை. வித்தில் இல்லாதது விளைவில் வாராது. கதைக்கோப்பின் முதல் விதியும் அதுவேயாம்.

இனி, இவ்வைந்தையும் சிலப்பதிகாரத்திற் பொருத்தி நோக்குவோம். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாதவியின் மாலையைக் கோவலன் வாங்குவது வித்து. கானல்வரியிலே ஒருவர் பாட்டை மற்றவர் தவறாக உணர, அவன் பிரிந்து வருகின்றான். பொருள் தொலைத்த நாணத்தோடு மனை புகுந்தவனுக்குக் கண்ணகி தன் சிலம்பினை அளிக்க முன்வருகின்றாள். இது வித்து முளைத்து நாற்றாகும் நிலை. கவுந்தியடிகளோடு சென்ற நெடுவழியும், மாதரியின் மனையிற் பெற்ற அடைக்கலமும் கருப்பம். ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குச் சென்றவன் பொற்கொல்லனைக் காண்பதிலிருந்து, வழக்குரை காதையில் அரசன் வீழ்வது வரை விளைவு. மதுரை எரிந்தமையும், சேரன் செங்குட்டுவன் கல் கொணர்ந்து கோயில் எடுத்தமையும், அவ்விழாவிலே இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டமையும் துய்த்தல்.

இக்கோப்பின் உயிர்நாடி சிலம்பின் பரலில் உள்ளது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். தேவியின் சிலம்பில் முத்து. பாண்டியனின் கொற்கை முத்து விளைந்த கடல், சிலாவத்துறையிலும் அரிப்பிலும் முத்துக்குளிப்பு நடைபெற்ற நமது மன்னார்க் குடாவேயாகும். கள்வன் யார் எனக் காட்டவல்ல சான்று தொடக்கம் முதலே சிலம்பினுள் அடங்கியிருந்தது. 'உள்ளே இருப்பது யாது?' என்று அரசன் ஒரு வினா வினவியிருப்பின், கோவலன் உயிர் பிழைத்திருப்பான். அவ்வினாவை, அவன் கொலையுண்ட பின்னரே கண்ணகி எழுப்புகின்றாள். அடிகள் அதனை முன்னரே வெளிப்படுத்தாது காத்து வைத்தமையாலேதான், சிலம்பு உடையுங்கால் நம் நெஞ்சும் உடைகின்றது.

ஒரு நிகழ்ச்சி கோப்புக்கு உரியதோ என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதனை நீக்கிப் பார்த்தல் வேண்டும். பொற்கொல்லனை நீக்கினால் கதை நின்றுவிடும். கோசிகன் வழியில் மாதவி அனுப்பிய திருமுகத்தை நீக்கினால் பயணம் தடைப்படாது. ஆனால் மாதவி மீது தீதில்லை, தீது தன்னதே என்று உணர்ந்த கோவலனை நாம் இழந்துவிடுவோம். ஆகவே, சில நிகழ்ச்சிகள் கதையை நகர்த்துவன; சில மாந்தரை மாற்றுவன. இரண்டும் கோப்புக்கு இன்றியமையாதனவே.

'எல்லாம் ஊழ்வினையன்றோ?' எனச் சிலர் வினவுவர். ஊழ் உருத்து வரும் என்பது அடிகள் தாமே கூற எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, மறுப்பாரில்லை. ஆயினும், அடிகள் ஊழின்மேற் பாரத்தைப் போட்டு வாளாவிருந்தாரல்லர். தன் களவை மறைக்கத் துடித்த பொற்கொல்லனின் அச்சமும், ஊடிய தேவியைத் தேடி விரைந்த மன்னனின் அவசரமும், கோவலன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்று உணர்ந்தும் தடுத்து நிறுத்தாத காவலரின் தளர்ச்சியும் படிப்படியாகக் காட்டப்படுகின்றன. ஊழ் வந்த வழி மனிதர் திறந்துவிட்ட வழியே. அதனாலன்றோ பாண்டியன் ஊழைப் பழியாது, 'பிழை என்னது' என்று ஏற்று உயிர் துறக்கின்றான்!

இஃது ஏட்டுக் கல்வியோடு அமைவதன்று. 2008 ஆம் ஆண்டுப் போரிலே இவ்வூர் மக்கள் மனையும் வயலும் விட்டுப் பெயர்ந்தனர். பின்னர் மீண்டு வந்து, பற்றை மூடிய நிலத்தைத் திருத்தி விதைத்தனர். அக்காலத்தைப் பற்றி இளையோர் கட்டுரை எழுதும்பொழுது, போன இடங்களின் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்துகின்றனர். அன்றேல், 'விதி' என்று ஒரு சொல்லில் முடிக்கின்றனர். யார் எதனைத் தெரிந்து செய்தார், எவ்வினா உரிய வேளையில் வினவப்படவில்லை, எவர் கை கொடுத்தார் என்பன அவர்தம் பாட்டன் பாட்டியர் வாயில் இன்னும் உள்ளன. கேட்டுக் கோத்து வைப்பாரின்றேல் அவை உதிரிப் பூக்களாகவே வாடிப்போம்.

ஆதலின், மாணவர்காள், எக்கதையைக் கற்பினும் மூன்று வினாக்களை வினவுமின்: விளைவின் வித்து எங்கே இடப்பட்டது? இந்நிகழ்ச்சியை நீக்கினால் எது குறையும்? எவ்விடத்தில், யார் வேறொன்று செய்திருக்கலாம்? பழைய மாணவர்களாகிய பெரியோரிடத்தும் ஒரு வேண்டுகோள் உண்டு. நுங்கள் வரலாற்றை இளையோர்க்குச் சொல்லுங்கால், 'பிறகு' என்பதோடு 'ஆதலால்' என்பதனையும் சேர்த்துச் சொல்லுமின். வயலை உழவன் காப்பது போல, கதையைக் காரணம் காக்கும்.