புற்றுநோயும் இருதயமும்: சிற்றெலி சொன்ன சேதி

நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கங்களில் ஒரு தாய்க்கு மார்பில் கட்டி என்று தெரிந்துவிட்டால், வீட்டார் உடனே வேலூருக்குப் புறப்படுகிறார்கள். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய பணி இன்று பெரிய மருத்துவக் கல்லூரியாக அங்கே நிற்கிறது. வேலூரோ சென்னையோ, எங்கே போனாலும் மருந்து ஏற்றுவதற்கு முன் பலருக்கு ஒரு சீட்டு கொடுக்கப்படும்: இருதயத்துக்கு எக்கோ எடுத்து வரவேண்டும். "கட்டி மார்பில்தானே, எனக்கு நெஞ்சுவலி ஒன்றும் இல்லையே, இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்கும் அத்தைமாரையும் பாட்டிமாரையும் நாம் அறிவோம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கிடைத்த கதையில் எலிகளுக்கும் முயல்களுக்கும் பெரும் பங்குண்டு.

முதலில் ஒரு விந்தை. குடல், நுரையீரல், கல்லீரல் என்று எங்கும் தோன்றும் புற்று, இருதயத்தில் தோன்றுவது மிக மிக அரிது. உயிரணு பிரியும்போது நேரும் பிழையே புற்றின் வித்து. இருதயத் தசையின் அணுக்களோ பெரும்பாலும் பிரிவதே இல்லை. இருபத்தைந்து வயதில் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு அணுக்களே புதிதாகின்றன என்று ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2009-இல் கண்டறிந்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரியை அளவுகோலாகக் கொண்டு இதைக் கணக்கிட்டார்கள் என்பது நமக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் தன்னிடம் புற்று தோன்றாவிட்டாலும், வேறிடத்துப் புற்று இருதயத்தை விட்டுவைப்பதில்லை. நோய் முற்றியவரைப் பார்த்து, "ஆளே உருகிப் போய்விட்டார்" என்று நம் ஊரில் சொல்வார்கள். கை, கால் தசை உருகுவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இருதயத் தசையும் உருகுகிறதா? நோயாளியின் இருதயத்தை வாராவாரம் எடுத்து நிறுத்துப் பார்க்க முடியாது. இங்கேதான் ஆராய்ச்சிக்கூடத்து எலி வருகிறது.

இருபது, முப்பது கிராம் எடையுள்ள சுண்டெலியின் இருதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு முறைக்கு மேல் துடிக்கிறது. நம்முடையது எழுபத்திரண்டு. அதன் முழு ஆயுளே சுமார் இரண்டாண்டு. ஆகவே மனிதரிடம் பல ஆண்டுகளில் நடப்பது அதனிடம் சில வாரங்களில் நடந்து முடிகிறது. சி-26 என்னும் பெருங்குடல் புற்றின் அணுக்களை அதன் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். கட்டி வளர வளர எலி மெலிகிறது. சிறிய எக்கோ கருவியால் இருதயச் சுவரின் கனத்தையும், ஒவ்வொரு துடிப்பிலும் அது எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதையும் அளக்கிறார்கள். கடைசியில் இருதயத்தை எடுத்து நிறுக்கிறார்கள். நோயற்ற எலியின் இருதயத்தைவிட எடை குறைந்திருக்கிறது. தள்ளும் வலுவும் குறைந்திருக்கிறது. கட்டியும், அதை எதிர்க்கும் உடலும் இரத்தத்தில் விடுகின்ற அழற்சிப் பொருள்கள் தசையின் புரதத்தைச் சிதைப்பதே இதற்கு முக்கிய காரணம்.

ஐரோப்பாவில் 2014-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஜப்பானிய அறிஞர் யோஷிதாவின் பெயரைக் கொண்ட கல்லீரல் புற்றை எலிகளுக்கு உண்டாக்கி, இருதய நோய்க்கு நெடுநாளாகக் கொடுத்துவரும் மாத்திரைகளை அவற்றுக்குக் கொடுத்தார்கள். பிசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய இரண்டும் இருதயம் உருகுவதைக் குறைத்தன. எலிகள் கூடுதல் நாள் உயிரோடிருந்தன. மூன்றாவதான இமிடாப்ரில் எந்தப் பயனும் தரவில்லை. மெலிந்து இறந்த புற்றுநோயாளிகளின் இருதயங்களிலும் சுவர் மெலிந்திருந்ததை அதே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இனி, எக்கோ சீட்டுக்கு வருவோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் நோயன்று, மருந்து. இத்தாலியில் காஸ்டல் டெல் மாண்டே என்னும் பழைய கோட்டையருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று செந்நிறப் பொருளைச் சுரந்தது. அதன் வழியில் 1960-களில் பிறந்தவையே டானோரூபிசினும் டாக்ஸோரூபிசினும். ஏட்ரியாடிக் கடலை நினைந்து பின்னதற்கு ஏட்ரியாமைசின் என்று பெயரிட்டார்கள். மார்புப் புற்று, இரத்தப் புற்று முதலியவற்றில் எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து. ஆனால் அதன் அளவு உடம்பில் சேரச் சேர இருதயம் தளர்கிறது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும், 550 சேர்ந்தவர்களில் 26 பேருக்கும் இருதயம் தளர்ந்தது என்று 2003-இல் வெளிவந்த கணக்கு கூறுகிறது. சிலருக்கு இது பல ஆண்டுகள் கழித்தும் வருகிறது. ஆகையால் பழைய மருத்துவக் காகிதங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று பெற்றோரை இவ்விடத்தில் கேட்டுக்கொள்கிறோம். எவ்வளவு மருந்து ஏறியது என்பது அதில்தான் இருக்கிறது.

இந்தத் தீங்கைத் தடுக்க வழி காட்டியவை விலங்குகள். 1970-களில் அமெரிக்காவில் ஹாம்ஸ்டர் என்னும் குட்டைவால் எலிகளிடம் தொடங்கி, முயல், நாய், பன்றி என்று வரிசையாகச் சோதித்தார்கள். இரும்பைப் பற்றிக்கொள்ளும் ஒரு வகை மருந்தை முன்னரே கொடுத்தால் இருதயம் பெருமளவு தப்புவது தெரிந்தது. அதுவே டெக்ஸ்ராஸாக்ஸேன். 1995-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. இரும்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2012-இல் டெக்ஸாஸ் விஞ்ஞானிகள், இருதய அணுக்களில் டோபோஐசோமரேஸ் 2 பீட்டா என்னும் ஒரு நொதி மட்டும் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் இருதயத்தைச் சிவப்பு மருந்து அவ்வளவாகத் தாக்கவில்லை. வழி முன்னே கிடைத்தது. காரணம் பின்னே வந்தது!

எலி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. டிராஸ்டுசுமாப் என்ற மார்புப் புற்று மருந்து 1998-இல் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. ஹெர்-2 என்னும் மனிதப் புரதத்தைப் பற்றுவதற்கென்றே செய்யப்பட்ட மருந்து அது. எலியின் புரதம் சற்று வேறானது. மருந்து அதைப் பற்றாது. ஆகவே எலியால் எச்சரிக்க முடியவில்லை. சிவப்பு மருந்தோடு இதையும் சேர்த்துப் பெற்ற பெண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு இருதயக் கோளாறு கண்டதாக 2001-இல் தெரிந்தது. அந்தப் புரதத்தை இருதயத்தில் இழந்த சுண்டெலிகளின் இருதயம் வீங்கித் தளர்ந்ததை 2002-இல்தான் கண்டார்கள். நல்ல வேளையாக, இம்மருந்தால் வரும் தளர்ச்சி, மருந்தை நிறுத்தினால் பலருக்கும் சீராகிறது. இடையிடையே எக்கோ எடுப்பது எதற்கென்று இப்போது விளங்கும்.

எலிக்கும் சுண்டெலிக்குமே ஒற்றுமை இல்லாதபோது மனிதருக்கு எப்படிப் பொருந்தும்? இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு நமக்குத் தெரிந்ததே. அக்கழிவிலுள்ள ஆறு இணைதிற குரோமியத்தை அமெரிக்க அரசின் ஆய்வில் ஈராண்டு தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவு: எலிகளுக்கு வாயில் புற்று, சுண்டெலிகளுக்குச் சிறுகுடலில் புற்று. நஞ்சு ஒன்று, இடம் வேறு! மேலும் சோதனைச் சுண்டெலி இளமையானது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாதது. நம் பாட்டிமாருக்கு இரண்டும் உண்டு.

இப்படி வாயில்லா உயிர்களை வருத்தலாமா என்று வகுப்பில் எங்களுக்குள் வாதம் எழுந்தது. தோலால் பிழைக்கும் ஊரில் அக்கேள்வி வேண்டாம் என்றாள் ஒருத்தி. அது சரியான பதில் அன்று என்பது எங்கள் எண்ணம். நம் தமிழ்நாட்டின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் மூட்டிய முயற்சியின் பயனாக 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அது சோதனையைத் தடை செய்யவில்லை; கட்டுப்படுத்துகிறது. வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, சிறிய விலங்கு போதுமானால் பெரியதை எடுக்காதே, மயக்க மருந்து கொடு என்கிறது. 2023-இல் மத்திய அரசு மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தந்தது. மனித இருதய அணுக்களைச் சிறு தட்டில் வளர்த்து, அவை துடிக்கும்போதே மருந்தைச் சோதிப்பது அவற்றுள் ஒன்று. எலியின் புரதம், மனிதப் புரதம் என்ற தொல்லை அதில் இல்லை. ஆனால் தட்டில் துடிக்கும் அந்தத் தசைக்குக் கல்லீரல் இல்லை, குடல் இல்லை, உருகுவதற்கு ஓர் உடம்பும் இல்லை. ஆகவே எலிக்கூண்டுகள் இன்னும் காலியாகவில்லை.